எழுதும் அனுமதி

பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் வேதியியல் பேராசிரியராக இருந்த சண்முகவடிவேல், ஓய்வு பெற்ற மூன்றாவது மாதமே மறுபடியும் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்த இடம் வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே இருந்த மாடி. செல்போனிலேயே படித்து முடிக்கிற பாடங்களை அங்கே தயாரித்தார்கள். நர்ஸுகளுக்கு, பஸ் டிரைவர்களுக்கு, ரேஷன் கடை ஊழியர்களுக்கு என்று கேட்டவர்களுக்குக் கேட்ட பாடம். அதை நடத்தியவர் மெஹருன்னிசா. வயது முப்பத்தாறு. அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் மாடியில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சண்முகவடிவேலும் முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டார்.

"நீங்க என்னை அப்படிக் கூப்பிடலாமா சார்? எங்க அக்காவே உங்ககிட்ட படிச்சவ."

"அது அங்க. இங்க நான் படிக்க வந்திருக்கேன் டீச்சர்."

மெஹருன்னிசா சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்ததும் சண்முகவடிவேல் கேட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம். என் வகுப்புல பிள்ளைங்க பாதியில எந்திரிச்சுப் போக முடியாது. வாசல் பக்கத்துலயே நிப்பேன். இங்க வாசலே கிடையாது. விரலால ஒரு தள்ளு, போயிருதாங்க. போகாம உக்காந்து படிக்குத மாதிரி பாடத்தை எப்படிச் செய்ய?"

"ஒண்ணு செஞ்சு பாருங்க சார்," என்றார் மெஹருன்னிசா.

அந்த வாரம் வந்த வேலை ஒரு காஸ் ஏஜென்சியுடையது. வீடு வீடாக சிலிண்டர் போடுகிறவர்களுக்கு ஒரு பாடம் வேண்டும். சிலிண்டரின் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். வாஷர் என்பார்கள். அது இல்லாமல் போனாலோ கிழிந்திருந்தாலோ, ரெகுலேட்டரை மாட்டித் திருகியதும் காஸ் கசியும். அதைப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவிக் கொப்புளம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. மழைக்காலம் தொடங்குவதற்குள் பாடம் தயாராக வேண்டும்.

சண்முகவடிவேலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காஸ் என்றால் அவருடைய சொந்த ஊர் மாதிரி.

மாடியில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பாடத்துக்கு ஒரே கோப்பு. எழுதுகிறவர், படம் வரைகிறவர், குரல் கொடுப்பவர் எல்லோரும் அவரவர் ஊரில் இருந்தபடி அதே கோப்பைத் திறந்து வேலை செய்வார்கள். யார் எங்கே கை வைக்கிறார்கள் என்பது அவரவர் பெயரோடு திரையில் நகரும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஓரத்தில் கமெண்ட் போடுவார்கள். பதில் சொல்லி முடிந்ததும் 'தீர்ந்தது' என்று ஒரு டிக் போட்டால் அது மறைந்துவிடும்.

சண்முகவடிவேல் நாற்பத்தாறு திரைகள் எழுதினார். ஹைட்ரோகார்பன் என்றால் என்ன என்பதில் தொடங்கி அழுத்தம், அடர்த்தி, தீப்பற்றும் அளவு என்று படிப்படியாகக் கொண்டுபோனார். நடுநடுவே கேள்விகள் வைத்தார். சரியான பதிலுக்கு நட்சத்திரம் மின்னும்.

தூத்துக்குடியிலிருந்து படம் வரைகிற ஜெரோம் ஓரத்தில் கேட்டான்: "சார், இந்த இடத்துல என்ன படம் போட? மூலக்கூறுக்கு முகம் கிடையாதே."

சங்கரன்கோவிலிலிருந்து குரல் கொடுக்கிற கோகிலா கேட்டாள்: "இந்த வாக்கியத்தை ஒரே மூச்சுல படிக்க முடியல சார்."

சண்முகவடிவேல் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விளக்கம் எழுதினார். ஏன் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். சொல்லி முடித்து டிக் போட்டார். மொத்தம் அறுபத்தொரு கமெண்ட். அறுபத்தொன்றும் தீர்ந்தது.

ஏஜென்சியில் பன்னிரண்டு பேருக்குப் பாடத்தை அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரும் கடைசித் திரை வரை போனார்கள். எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல் மார்க்.

சண்முகவடிவேல் அந்தப் பட்டியலை மெஹருன்னிசாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "ஒருத்தர்கூட பாதியில போகல டீச்சர்."

"சந்தோஷம் சார். திங்கக்கிழமை அவங்க குடோனுக்குப் போயிட்டு வருவோம்."

குடோன் வாசலில் மெஹருன்னிசா ஒரு பயிற்சி சிலிண்டரை வைத்தார். உள்ளே வெறும் காற்றுதான். வால்வில் வாஷர் இல்லை. பக்கத்தில் ஒரு ரெகுலேட்டர், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக வரச் சொல்லி, "ஒரு வீட்டுல மாட்டுத மாதிரி மாட்டுங்க" என்றார்.

ஒன்பது பேர் வால்வுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. நேராக மாட்டித் திருகிவிட்டுக் கையைத் துடைத்தார்கள். சோப்புத் தண்ணீரை யாரும் தொடவில்லை. ஒருவர் கசிகிறதா என்று பார்க்கச் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, எல்லோரும் கத்தவும் மறுபடி உள்ளே வைத்தார்.

சண்முகவடிவேலின் முகம் சிறுத்துப்போனது. அங்கிருந்தவர்களில் மூத்தவரான வள்ளிநாயகத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க தொண்ணூத்தாறு மார்க் வாங்கியிருக்கீங்க. எப்படி?"

வள்ளிநாயகம் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். நாலு பதில் குடுத்திருக்கீங்கல்லா? அதுல எது நீளமா இருக்கோ அதுதான் சரி. ரெண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுட்டு. பொறவு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ஆட்டோவில் திரும்பினார்கள். வண்ணார்பேட்டை வந்ததும் சண்முகவடிவேல் கேட்டார்.

"எங்க தப்பு பண்ணுனேன் டீச்சர்?"

மெஹருன்னிசா ஆட்டோவை விட்டு இறங்கினார். செல்போனை எடுத்து, பாடத்தின் கோப்பைத் திறந்து, அதில் இன்னொரு பெயரைச் சேர்த்தார். வள்ளிநாயகம். பிறகு அவருக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன். உங்க இஷ்டத்துக்கு மாத்துங்க" என்றார்.

சண்முகவடிவேல் எட்டிப் பார்த்தார். "கமெண்ட் போடுத அனுமதிதானே குடுத்தீங்க?"

"இல்ல சார். எழுதுத அனுமதி."

மறுநாள் சண்முகவடிவேல் சாப்பிட்டுவிட்டு வந்து கோப்பைத் திறந்தபோது அவர் கண் முன்னாலேயே ஒரு திரை காணாமல் போனது. அடுத்து இன்னொன்று. வள்ளிநாயகம் என்ற பெயர் அவருடைய வரிகளுக்கு மேல் மெல்ல ஊர்ந்து, நின்று, அழித்துக்கொண்டே போனது. நாலு மணிக்கு நாற்பத்தாறில் ஒன்பது மிஞ்சியது. அந்த ஒன்பதிலும் பாதி வார்த்தைகள் இல்லை.

எழுந்து மெஹருன்னிசாவின் மேஜைக்குப் போனார்.

"ஹைட்ரோகார்பன் போச்சு. அடர்த்தி போச்சு. கீழ ஏதோ பேச்சு மாதிரி எழுதி வச்சிருக்காரு. மூணு வாரத்து வேலை டீச்சர்."

"அதுக்கென்ன சார். பழைய பதிப்பு எல்லாம் உள்ள அப்படியே இருக்கு. ஒரு அமுக்குல திரும்ப வந்துரும்."

"அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க. அதுக்கு முன்னாடி எதை எப்ப அழிச்சாருன்னு மட்டும் பாத்துட்டு அமுக்குங்க."

சண்முகவடிவேல் தன் இடத்துக்கு வந்து, பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

மதியம் 1.12. முதல் திரை அழிகிறது. அந்த இடத்தில், 'இதை வீட்டுக்கார அம்மாகிட்ட சொல்ல முடியாது.' 1.20. நான்கு திரைகள் அழிகின்றன. 'இதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்துக்கிடுவாங்க. நம்ம கைக்கு வாரது சிலிண்டர் மட்டும்தான்.' பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. சிலிண்டர் போடப் போயிருக்கிறார்.

3.05. வாஷரைப் பற்றிய பதினேழாவது திரை. இங்கே வள்ளிநாயகம் நெடுநேரம் நின்றிருந்தார். எழுதியிருக்கிறார், அழித்திருக்கிறார். மறுபடி எழுதி மறுபடி அழித்திருக்கிறார். கடைசியில் அந்தத் திரையைத் தொடாமல் அடுத்ததற்குப் போயிருக்கிறார். ஆனால் அழித்தது பழைய பதிப்பில் அப்படியே இருந்தது.

'போன ஐப்பசியில ஒரு வீடு. நான்தான் மாட்டிட்டு வந்தேன். வாஷர் பாக்கல. கொஞ்ச நேரத்துல போன் வந்துது. ஜன்னல் திரை பிடிச்சிட்டு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கும் அந்தத் தெருவுல போனா'

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

சண்முகவடிவேல் அதை இரண்டு முறை படித்தார். பழையபடி கொண்டுவருகிற பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அவர் கோப்பை மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

வள்ளிநாயகம் குடோன் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தார். பேராசிரியரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ரொம்ப அழிச்சிட்டேனோ சார்? டீச்சர் சொன்னாங்கன்னுதான்…"

"உக்காருங்க. நான் அதுக்கு வரல." சண்முகவடிவேலும் பெஞ்சில் உட்கார்ந்தார். "பதினேழாவதுல நீங்க எழுதுனதைப் படிச்சிட்டேன்."

"அதை அழிச்சிட்டேனே?"

"அழிச்சாலும் உள்ள இருக்கும். எனக்குத் தெரியும்கிறதை உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரல."

வள்ளிநாயகம் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அன்னைக்கு வாஷர் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன சார். பதினாலு வருஷமா தெரியும்."

"பொறவு?"

வள்ளிநாயகம் எழுந்தார். "இன்னும் நாலு சிலிண்டர் கிடக்கு. வண்டியில ஏறுங்க, காட்டுதேன்."

மூன்றாவது வீட்டில் அது நடந்தது. வள்ளிநாயகம் சிலிண்டரை இறக்கி வைப்பதற்குள் வீட்டுக்கார அம்மாள் கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, சீக்கிரம் மாட்டுங்க. பருப்பு பாதி வெந்து நிக்கி. இப்ப பிள்ளைங்க வந்துரும். நேத்தே வாரேன்னு சொன்னீங்க, இன்னைக்குத்தான் வாரீங்க. மாட்டுங்கண்ணே."

அடுக்களை வாசலில் நின்ற சண்முகவடிவேலுக்கே, சரி, மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. வள்ளிநாயகம் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, வால்வுக்குள் விரல் நுனியை விட்டு, வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு சண்முகவடிவேலின் முதுகில் வந்து பட்டது.

தெருவுக்கு வந்ததும் வள்ளிநாயகம் சொன்னார். "இதுதான் சார். தினம் நாப்பது வீடு. நாப்பது வீட்டுலயும் இப்படி நிப்பாங்க. அந்த நேரத்துல 'இரிங்கம்மா'ன்னு எப்படிச் சொல்ல? அதை எங்கயும் யாரும் சொல்லித்தரல."

சண்முகவடிவேல் மாடிக்குத் திரும்பியபோது மெஹருன்னிசா கிளம்பிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் எழுதுன நாப்பத்தாறு திரையில அந்த அம்மா ஒரு இடத்துலகூட இல்ல."

"இப்ப வந்துட்டாங்களா சார்?"

"வந்துட்டாங்க. கையில கரண்டியோட."

"அப்ப முதல் திரையில அவங்களை நிக்க வையுங்க."

மறுநாள் காலையில் அவர் கோப்பில் செய்த முதல் வேலை, தான் டிக் போட்டு மூடிய அறுபத்தொரு கமெண்டையும் மறுபடி திறந்தது. ஜெரோமுக்கும் கோகிலாவுக்கும் போன் செய்தார். "முந்தி நான் பதில் சொன்னேன். இப்ப நீங்க சொல்லுங்க" என்றார். ஜெரோமுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "சார், இது நீங்கதானா பேசுதீங்க?" என்று கேட்டான்.

பன்னிரண்டு பேருக்கும் எழுதும் அனுமதி போனது. எழுத வராதவர்கள் வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துகிறபோது என்னென்ன சொல்வார்கள் என்று சண்முகவடிவேல் கேட்டிருந்தார். மூன்று நாளில் எழுபது பதிவு வந்து குவிந்தது. 'எங்க வீட்டுக்காரருக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு.' 'போன தடவை வந்த தம்பி ஒரு நிமிஷத்துல மாட்டுனான்.' 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிடுதேன்.' வீட்டில் அதையெல்லாம் அவர் ஓடவிட்டுக் கேட்டபோது அவர் மனைவி கோமதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என் குரலை எப்பப் பிடிச்சீங்க?" என்றாள்.

கோகிலா அந்த அம்மாளாகப் பேசினாள். இந்தத் தடவை அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. சங்கரன்கோவிலில் அவள் பேசப் பேச, தூத்துக்குடியில் ஜெரோம் வரைந்தான், வண்ணார்பேட்டையில் சண்முகவடிவேல் எழுதினார். ஒரே பக்கத்தில் மூன்று பெயர்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. சில சமயம் அவர் தொடங்கிய வாக்கியத்தை வள்ளிநாயகம் எங்கிருந்தோ வந்து முடித்துவிட்டுப் போனார். அப்படி முடிந்த வாக்கியங்களை அவர் மாற்றவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றப் போய், வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டார்.

காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தங்கும் என்பதை மட்டும் உள்ளே வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வள்ளிநாயகம் அதை இரண்டு தடவை அழித்தார். மூன்றாவது தடவை சண்முகவடிவேல் போன் போட்டு, ஜன்னலோடு தரைவரை இருக்கிற கதவையும் ஏன் திறக்க வேண்டும், ஸ்விட்சை ஏன் தொடக்கூடாது என்று சொன்னார்.

"இதை முதல்லயே இப்படிச் சொல்லக்கூடாதா சார்?" என்றார் வள்ளிநாயகம். அந்த வரி உள்ளேயே இருந்துவிட்டது.

வாஷரைப் பற்றிய அந்தப் பழைய பதினேழாவது திரை மட்டும் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் மதியம் வள்ளிநாயகமே அதில் எழுதினார். அழிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கமெண்ட் மட்டும் போட்டார்: 'பேரு வேண்டாம். மத்தது இருக்கட்டும்.'

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் மறுபடி குடோனுக்குப் போனார்கள். இந்தத் தடவை பாடத்தில் பதினோரு திரைகள்தான். நட்சத்திரம் கிடையாது. ஏழாவது திரையில் கோகிலாவின் குரல், "போன தடவை வந்த தம்பி இவ்வளவு நேரம் பாக்கலியே!" என்றது. பாடம் அங்கேயே நின்றுபோனது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று பன்னிரண்டு பேரும் செல்போனைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்முகவடிவேல் மெஹருன்னிசாவைப் பார்த்தார். மெஹருன்னிசா சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பக்கத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார். இருபது நிமிஷம் கழித்து அவர்களே எட்டாவது திரைக்குப் போனார்கள்.

பிறகு அதே பயிற்சி சிலிண்டர். முதலில் வந்தவர் குனிந்தார், விரலை விட்டுப் பார்த்தார். இல்லாத ஒரு வீட்டுக்கார அம்மாளை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நிமிஷம் இரிங்கம்மா, உங்க வீட்டுலதான் நானும் நிக்கேன்" என்றார். குடோனே சிரித்தது. அவர் வாஷரைக் கேட்டு வாங்கிப் போட்டு, மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவினார். அடுத்தவரும் அப்படியே. பன்னிரண்டு பேரும் வால்வுக்குள் பார்த்தார்கள். தீப்பெட்டிக்காரர் சோப்புத் தண்ணீரைக் கிண்ணத்தோடு ஊற்றி, வேட்டியை நனைத்துக்கொண்டார்.

சண்முகவடிவேலின் மனம் நிறைந்திருந்தது. அவர்களை உட்கார வைத்துக் கேட்டார்.

"பாடம் எப்படி இருந்துச்சு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுல பாடம் எங்க சார் இருக்கு?" என்றார் தீப்பெட்டிக்காரர். "நாங்க எப்பவும் செய்யுததுதானே?"

"ஆமா சார். புதுசா ஒண்ணும் இல்லையே," என்றார் இன்னொருவர். வள்ளிநாயகம் மட்டும் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஆட்டோவுக்காகக் குடோன் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே இன்னும் அந்த அம்மாளைப் பற்றித்தான் பேச்சு.

சண்முகவடிவேல் மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒவ்வொரு திரையா மறுபடி நினைச்சுப் பாத்துட்டேன் டீச்சர். அவங்க எந்த இடத்துல கத்துக்கிட்டாங்கன்னு எனக்கே தெரியல."

"அவங்களுக்கும் தெரியல சார்," என்றார் மெஹருன்னிசா.